மிஞ்சி வந்த சாமை

கொல்லிமலையில் ஒருவன் கீழே இறங்குகிறான் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். உப்புக்கு இறங்குவான். துணிக்கு இறங்குவான். மிளகு மூட்டையைச் சேந்தமங்கலத்து வியாபாரியிடம் சேர்க்க இறங்குவான். பொல்லாத வேளை வந்தால் வழக்கென்று கச்சேரிக்கு இறங்குவான். ஊர் பார்ப்பதற்காக மட்டும் ஒருவன் இறங்கினான் என்று மலையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. பொன்னன் அப்படித்தான் இறங்கினான். அதனால் அவனை யாரும் நம்பவில்லை. அவன் பெண்டாட்டி முனியாயியும் நம்பவில்லை.

மேட்டூரில் வெள்ளைக்காரன் ஆற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. மலையின் பிரிவுகளில் ஒன்றான ஆலத்தூர் நாட்டில், சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சிற்றூரில் பொன்னனுக்கு வீடு. கொஞ்சம் மிளகுக்கொடி, காய்க்கிற பலாமரங்கள், சாமையும் கேழ்வரகும் விதைக்கத் துண்டு நிலம். மிளகு காய்ந்து விலையான பிறகு, அடுத்த விதைப்பு வரும்வரை மலையில் வேலை குறைவு. மற்ற ஆண்கள் கூரை மாற்றுவார்கள், பெண் கொடுத்த வீட்டுக்கு விருந்துக்குப் போவார்கள். பொன்னன் மூட்டை கட்டுவான். ஒரு சின்னச் சாக்கில் சாமையரிசி, முடிச்சில் உப்பு மிளகாய் புளி, ஒரு பித்தளைச் சட்டி, மாற்று வேட்டி. துணைக்கு யாரையும் கூப்பிடமாட்டான். வருகிறேன் என்றவர்களையும் மழுப்பிவிடுவான்.

"எங்கடா கிளம்பிட்டே?"

"திருச்சினாப்பள்ளிக்குங்க."

"அங்க என்ன சோலி?"

"சோலி ஒண்ணுமில்லீங்க. சும்மா பாத்துட்டு வாரேன்."

அந்தச் சும்மாதான் எல்லாருக்கும் உறுத்தியது. சும்மா எவனாவது செருப்பில்லாத காலோடு மலை இறங்கி அத்தனை தூரம் போவானா? சந்தனக் கட்டை கடத்துகிறான் என்று காட்டிலாகாக் காவலர் நினைத்தார். சாக்கைத் தடியால் குத்திக் குத்திப் பார்ப்பார். மிளகு வியாபாரி குழந்தைசாமி, வேறு மண்டிக்காரனிடம் விலை பேசத்தான் போகிறான் என்று முடிவு கட்டியிருந்தார். சேலத்தில் ஒரு போலீஸ்காரர் அவனைப் பிடித்து உட்காரவைத்து, "கதர்க்காரங்களுக்குச் சேதி கொண்டு போறியா?" என்று பொழுது சாயும்வரை கேட்டிருக்கிறார். ரயிலைப் பார்க்க வந்தேன் என்று அவன் சொன்னதை அவரும் நம்பவில்லை.

முனியாயி திண்ணனூர் நாட்டுப் பெண். அவளுடைய நெஞ்சில் சின்ன வயதிலேயே ஒரு முள் தைத்திருந்தது. மலையில் ஒரு வழக்கம் உண்டு. புருஷனோடு வாழப் பிடிக்காதவள் எழுந்து போய்விடலாம். அப்பன் வீட்டுக்கும் போகலாம், இன்னொருத்தன் வீட்டுக்கும் போகலாம். ஊர் அவள் காலைக் கட்டாது. ஆனால் பிள்ளை புருஷனுக்கு. முனியாயியின் தாய் ஒரு நாள் உச்சிவெயிலில் அப்படி எழுந்து போனாள். ஓடைவரைக்கும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடிய குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டது அப்பன்தான். அன்றைக்கு அழுத அழுகை அவளுக்கு இன்னும் தீரவில்லை. எந்த ஆண்பிள்ளை என்ன சொன்னாலும், உள்ளுக்குள் ஒருத்தி நின்று, "நெசமா? நெசந்தானா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

ஆனாலும் கல்யாணமான புதிதில் பொன்னன் அந்தக் குரலை அடக்கித்தான் வைத்திருந்தான். கை ஓங்காதவன். வாய் அதிர்ந்து பேசாதவன். ஊர் பார்த்துத் திரும்பினால் அவளிடம் உட்கார்ந்து கதை கதையாகச் சொல்வான்.

"ரயிலு எப்படி மாமா இருக்கும்?"

"நம்ம ஊர் ஊடெல்லாம் வரிசையாக் கோத்துக் கட்டி, முன்னால ஒருத்தன் தீயப் போட்டு இழுத்துட்டு ஓடுனா எப்படி இருக்கும்? அப்படி."

"ஐயோ! ஊட்டுக்குள்ள இருக்கிறவங்க?"

"அவங்க சன்னல்ல சாஞ்சு முறுக்குத் தின்னுட்டுப் போறாங்க."

பட்டணத்தில் உயிர்க் காலேஜ் என்ற இடத்தில் புலியைக் கம்பிக்குள் பார்த்தான். செத்த காலேஜில் செத்துப்போன திமிங்கிலத்தின் எலும்பைப் பார்த்தான். ஊர்கள் மட்டுமல்ல, ஆளில்லாத காடு மேடுகளையும் பார்த்துவிட்டு வருவான். ஒகேனக்கல்லில் தண்ணீர் புகையாக எழும்புவதைச் சொல்வான். பச்சைமலைக்குப் போய் அங்கே கூரையை எந்தப் புல்லால் வேய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து, "நம்மளை மாதிரியேதான் புள்ள, ஆனா கூரை உச்சியில மொட்டு வேற மாதிரி முடியறாங்க" என்று ஏதோ புதையலைக் கண்டவன்போலச் சொல்வான். முனியாயி வாய் பிளந்து கேட்பாள்.

பிறகு சாமை மிஞ்ச ஆரம்பித்தது.

மலைக்காரர்கள் கீழ்நாட்டார் சமைத்ததைத் தொடமாட்டார்கள். எங்கே போனாலும் சொந்தச் சாமை, சொந்தச் சட்டி. மூன்று கல்லைக் கூட்டிப் பொங்கித் தின்பார்கள். கடைச் சோறு தின்றவன் என்று தெரிந்தால் பெரியண்ணசாமி கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. அடுத்த சாமி கும்பிடு வரும்வரை ஊருக்கு வெளியே குடிசை போட்டுக்கொண்டு இருக்கவேண்டும். அவன் பிள்ளைகளும் அவனோடுதான். ஊருக்குள் இருக்கிறவர்கள் அவன் அடுப்பில் கை வைக்கக்கூடாது, கட்டியவளானாலும். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கீழே போய்த் திரும்பிய சாமையை வீட்டுக் குதிரில் திரும்பப் போடக்கூடாது, கோழிக்குத்தான் போடவேண்டும்.

அந்த மிச்சத்தைக் கோழிக்குப் போடுகிறவள் முனியாயி. முதலில் ஒரு பிடி மிஞ்சியது. அடுத்த பயணத்தில் கால் சாக்கு. அப்புறம் பாதி. போன வருஷம் பொன்னன் திரும்பி வந்தபோது, சாக்கின் வாயில் அவள் போட்டுவிட்ட முடிச்சு அப்படியே இருந்தது. சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். புளி போட்டு அவள் தேய்த்துவிட்ட பளபளப்பு கலையவில்லை. அடியில் ஒரு பொட்டுக் கரி இல்லை.

நிமிர்ந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள். பட்டினி கிடந்த முகமா அது? கன்னம் பூரித்து, எண்ணெய் தடவியதுபோல மினுங்கியது!

யாரோ பொங்கிப் போடுகிறார்கள். எவளோ ஒருத்தி, எங்கேயோ ஓர் ஊரில், அடுப்பு மூட்டி, இலை போட்டு, அவன் வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைச் சோறு என்ற எண்ணமே முனியாயிக்கு வரவில்லை. மலையில் யாருக்கும் வந்திருக்காது. ஊரானிடம் காசு கொடுத்து அவன் ஆக்கியதைத் தின்பது அவர்களுடைய மனசு போகிற வழியே இல்லை.

கோழிகள் கொக்கரித்துக்கொண்டு சாமையைப் பொறுக்கின. அவளுக்குத் தன் வயிற்றையே கொத்துவதுபோல இருந்தது.

பொன்னனின் அண்ணன் பெண்டாட்டி ராமாயி, உரலில் உலக்கை போட வரும்போதெல்லாம் வாயையும் போடுகிறவள். நெருப்பை அவள் ஊதிவிட்டாள்.

"ஏ புள்ள, உம் புருசன் பகல்ல தூங்கறப்பப் பேசறானாமே? கொல்லைப் பக்கம் வந்தப்ப நானே கேட்டேன்."

"என்னக்கா பேசுனாரு?"

"'போதுங்க, போதுங்க… சரி, இன்னொண்ணு வைங்க'ன்னான். நம்மகிட்ட என்னிக்காவது இத்தனை 'ங்க' போட்டிருக்கானா? பெரிய எடத்துப் பொம்பளை போலருக்குது!"

"போக்கா!"

"நான் போறேன். நீ போகாம இருக்கோணுமே, அதைப் பாத்துக்க."

அந்த வருஷம் முழுக்க முனியாயி புருஷனைக் கண்ணால் அளந்தாள். அவன் சிரித்தால், யாரை நினைத்துச் சிரிக்கிறான்? அவன் பேசாமல் இருந்தால், எவளை நினைத்து ஏங்குகிறான்? வேட்டியை முகர்ந்து பார்த்தாள். குழந்தைசாமியிடம் சாடையாக விசாரித்தாள். அவர், "உம் புருசன் சேலத்துல எந்த மண்டிக்குள்ள போறான்னு நீ எனக்குச் சொல்லு அம்மணி, நான் உனக்குச் சொல்றேன்" என்று திருப்பிக் கேட்டார்.

இத்தனையையும் பல்லைக் கடித்துப் பொறுத்திருப்பாள். ஆனால் அந்தப் பங்குனியில் பொன்னன் அவர்களுடைய ஒரே மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"இந்தத் தடவை பாப்பாயியையும் கூட்டிட்டுப் போறேன். கண்ணு, ரயிலு பாக்கலாமா?"

பாப்பாயி கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள். முனியாயியின் கையிலிருந்த முறம் கீழே விழுந்தது.

பிள்ளையைக் கொண்டுபோகிறான்! அவளிடம் கொண்டுபோய் விடப்போகிறான்! பிள்ளை புருஷனுக்கு என்பது வழக்கம். கேட்க ஆள் உண்டா? நாளைக்கே இவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, குழந்தை அப்பன் தோளில் உட்கார்ந்து கையாட்டிக்கொண்டே அந்த முகம் தெரியாதவளின் வீட்டுக்குப் போய்விடும்.

முறத்தை எடுக்கவில்லை. நேரே ஊர்க்கவுண்டர் அப்பாசாமியின் வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காலை கோயில் பாறையில் ஊர் கூடியது. முனியாயி சாக்கையும் சட்டியையும் நடுவில் வைத்தாள். சாமை மிஞ்சிய கதையைச் சொன்னாள். பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள்.

"ஏப்பா பொன்னா," என்றார் அப்பாசாமி. "கீழ ஊடு வெச்சிருக்கியா?"

"இல்லீங்க."

"பொம்பளை?"

"சத்தியமா இல்லீங்க."

"அப்பச் சாமையைத் திங்காம எப்படிடா உசுரோட வந்தே? காத்தைக் குடிச்சியா?"

பொன்னன் தலையைக் குனிந்து பாறையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொல்லுங்க மாமா!" என்று முனியாயி கதறினாள். "யாரு சோறு போட்டா? ஒரு பேரு சொல்லுங்க! நான் தாங்கிக்கறேன்!"

அவன் அவளைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் நின்ற மகளைப் பார்த்தான். கண் கலங்கியது. வாய் திறக்கவில்லை. குற்றம் இல்லாதவன் இப்படி நிற்பானா? முனியாயியின் கடைசி நம்பிக்கையும் அங்கேயே அறுந்தது.

அப்பாசாமி வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். "இவன் வாயில ஈ போகாது. அம்மணி, நீயே இவனோட இறங்கு. அவன் போற எடமெல்லாம் போ. உங் கண்ணால பாத்துட்டு வந்து சாமி முன்னால சொல்லு. பொம்பளை இருந்தா, மலையை விட்டவனுக்குப் புள்ளை இல்லை; பாப்பாயி உனக்கு. பொம்பளை இல்லீன்னா புள்ளை அவனோடது. நீ இருந்தா இரு, போனாப் போ. அதுவரைக்கும் புள்ளை எங்க ஊட்டுல இருக்கட்டும்."

ஆக, பாப்பாயி இவளுக்குக் கிடைக்கவேண்டுமானால் அந்தப் பெண் கிடைக்கவேண்டும். எந்தப் பெண்ணும் செய்யாத வேண்டுதலை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு முனியாயி மலை இறங்கினாள்.

காரவள்ளி அடிவாரம் வரைக்கும் அவள் நாலடி பின்னாலேயே நடந்தாள். சேந்தமங்கலத்தில் குளத்தங்கரையில் அவளே கல்லைக் கூட்டிச் சாமை பொங்கினாள். அவன் மறுக்காமல் தின்றான். நாமக்கல்லில் மோட்டார் ஏறியபோது பக்கத்தில் ஒருத்தி வெற்றிலை மடித்துக்கொண்டே பொன்னனிடம் சுண்ணாம்பு இருக்கிறதா என்று கேட்டாள். முனியாயி அவளைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள். இவளா? அவள் ராசிபுரத்தில் இறங்கிப்போய்விட்டாள். இவள் இல்லை.

சேலத்தின் சத்தத்தில் முனியாயிக்குத் தலை சுற்றியது. பொன்னனோ தண்ணீரில் விட்ட மீன்போல நடந்தான். ரயிலடிக்குப் போனான். தண்டவாளத்துக்கு மேலே போகிற பாலத்தில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டி வந்தது, போனது. இன்னொன்று வந்தது. அவன் யாரையும் தேடவில்லை. யாரும் அவனைத் தேடி வரவில்லை. அவள் ரயிலைப் பார்க்கவில்லை. அதிலிருந்து இறங்கிய ஒவ்வொரு பெண்ணையும் பார்த்தாள்.

பிறகு கடைவீதி. பூக்காரி ஒருத்தி, "வாங்க மலைக்காரரே, முல்லை வாங்கலையா?" என்றாள். முனியாயி சட்டென்று நின்றாள்.

"இவளுக்கு உங்களை எப்படித் தெரியும்?"

"எல்லாரையுந்தான் கூப்புடறா. முட்டிக்கு மேல வேட்டியும் கம்பளியுமா வந்தா மலைக்காரன்னு தெரியாதா?"

பூக்காரி அடுத்தவரையும் அப்படியே கூப்பிட்டாள். அது சரியாகத்தான் இருந்தது. சரியாக இருப்பதுதான் முனியாயிக்குச் சந்தேகமாக இருந்தது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு சந்து வந்தது. அதுவரை மெல்ல வேடிக்கை பார்த்து நடந்தவன், அந்தச் சந்தின் முனையில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக எட்டுவைத்தான்.

அகப்பட்டான்!

"நில்லுங்க."

"வா புள்ள, இருட்டறதுக்குள்ள…"

"இந்தச் சந்துக்குள்ள என்ன இருக்குது?"

அவன் பதில் சொல்வதற்குள் சந்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று வந்தது.

"அட, நம்ம மலைக்காரரு! எட்டிப் பாக்காமப் போறீங்களே, என்ன கோவம் எங்க மேல?"

முனியாயி இத்தனை நாள் தேடிய குரல்! முகம் தெரியாமல் அவள் தூக்கத்தைத் தின்ற குரல்! வேண்டுதல் பலித்துவிட்டது. பாப்பாயி இனி அவளுக்குத்தான். ஆனால் ஏன் நெஞ்சு இப்படிப் பிளக்கிறது? இவன் இல்லாத வீட்டுக்குள் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எப்படி நுழைவது?

கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சந்துக்குள் நடந்தாள்.

வாசலில் நின்றவளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பருத்த உடம்பு, முன்பல் ஒன்று இல்லை, கையில் தோசைத் திருப்பி. அவளுக்குப் பின்னால் புகையடைந்த நீளமான அறை. பலகைகளில் வண்டிக்காரர்களும் மூட்டைக்காரர்களும் வரிசையாக உட்கார்ந்து இலையில் தின்றுகொண்டிருந்தார்கள். மூலையில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் சில்லறையைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருசமா?" என்று முனியாயி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"யாரும்மா நீ? ஓ, இவரு சம்சாரமா! வாங்க, வாங்க! என் பேரு சென்னம்மா. அந்தா பொட்டியடில உக்காந்திருக்காரே, அர்த்தனாரி, அவரு எங்க ஊட்டுக்காரரு. உங்க ஆளு வருசாவருசம் இந்தப் பருவத்துக்கு வந்துருவாரு. அந்த மூலைதான் அவரு எடம். சோத்தை வெச்சுட்டா நிமிர மாட்டாரு. போதுங்க போதுங்கம்பாரு, வெச்சாத் தின்னுருவாரு!"

தின்றுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். முனியாயி திரும்பினாள். பொன்னன் சுவரோடு சுவராக ஒட்டி நின்றான்.

"கடைச் சோறா?"

"ஆமா."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். ஒரு தடவை விடாத மழை. வெறகு எரியலை, கல்லுக் கூட்ட எடமில்லை. பசியில இந்தத் தாழ்வாரத்துல ஒண்டிட்டு நின்னேன். நீ யாரு, எந்த ஊரு, எங்க வந்தேன்னு ஒண்ணும் கேக்காம இந்தம்மா வந்து உக்காருங்கன்னு சொல்லுச்சு. உக்காந்துட்டேன். அப்புறம் மழையில்லாட்டியும் உக்காந்தேன்."

"அங்க பாறையில கேட்டப்ப இதைச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா வெளியில போடுவாங்க. நான் போனாப் புள்ளையும் எங்கூட வரோணும். நீ உள்ள, அவ வெளியில. எங் கையால அவளை உங்கிட்ட இருந்து பிரிச்சுட்டுப் போகோணுமே புள்ள? பொம்பளை இருக்கான்னு பொய் சொன்னா எனக்கு நீங்க ரெண்டு பேருமே இல்லை. எதைச் சொல்றது? அதான் வாயைக் கட்டிக்கிட்டேன்."

ஐயோ, அந்த ஏழை மனசு! முனியாயிக்கு அழுகையா, சிரிப்பா என்று தெரியவில்லை. ஆனாலும் சந்தேகம் ஒரே நாளில் போகிற வியாதியா? அடுக்களைக்குள் தலையை நீட்டிப் பார்த்தாள். ஆட்டுக்கல், மாவுப் பானை, ஒரு பூனை. கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தாள். விறகு. சென்னம்மாள் வியப்போடு பின்னாலேயே வந்தாள்.

"என்னம்மா தேடறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. உங்களுக்குப் பொம்பளைப் புள்ளை உண்டுங்களா?"

"மூணும் பசங்க. மூணுந் தறுதலைங்க."

முனியாயி பெருமூச்சு விட்டாள். பொன்னனுடைய மூலையில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது. சாமி முன்னால் பொய் சொல்ல முடியாது. பெண் இல்லை என்றால், சோறு யார் போட்டார்கள் என்று அப்பாசாமி கேட்பார். கடை என்று சொன்னால் பொன்னன் வெளியே. பாப்பாயி அவனோடு வெளியே. முனியாயியோ சுத்தமானவள், ஊருக்குள் இருப்பாள். மகள் பசியென்று அழுதாலும் அந்தக் குடிசை அடுப்பில் ஒரு சுள்ளி வைக்க இவளுக்கு உரிமை இல்லை. ஒரு குற்றமும் செய்யாமல் பிள்ளையைப் பறிகொடுக்கப் போகிறாள்!

சென்னம்மாள் ஒரு தோசையைக் கொண்டுவந்து பொன்னன் முன்னால் வைத்தாள். ஆவி பறந்தது. ஓரம் சிவந்திருந்தது.

முனியாயி அந்த இலையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"வேண்டாம் புள்ள!" பொன்னன் அவள் கையைப் பிடித்தான். "நான் ஒருத்தன் கெட்டது போதும். நீ தொடாத. சாமி குத்தம்!"

"கையை எடுங்க மாமா."

ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். கண்ணீர் வழிந்து உதட்டில் உப்புக் கரித்தது. மென்றாள். விழுங்கினாள்.

"இதுக்கா?" என்றாள் மெதுவாக.

"எதுக்கு?"

"இதுக்காக வருசா வருசம் சாமியை ஏமாத்துனீங்க." இன்னொரு துண்டைப் பிய்த்தாள். "சரி. ஏமாத்தலாம்."

மலை ஏறியதும் மறுபடியும் ஊர் கூடியது. பாப்பாயி ஓடிவந்து தாயின் காலைக் கட்டிக்கொண்டாள். பெரியண்ணசாமி முன்னால் சூடம் எரிந்தது.

"சொல்லு அம்மணி. பொம்பளை இருக்காளா?"

"இல்லீங்க."

ராமாயியின் முகம் விழுந்தது.

"அப்பச் சோறு?"

"கடைச் சோறுங்க. காசு குடுத்துத் தின்னிருக்காரு."

பாறையில் சலசலப்பு எழுந்தது. சிலர் எழுந்து பொன்னனை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். அப்பாசாமி கையை உயர்த்தினார்.

"பொன்னா, அடுத்த கும்புடு வரைக்கும் நீ வெளியில. புள்ளை உன்னோட வரும். அம்மணி, நீ ஊட்டுல இருந்துக்க. அவங்க அடுப்புப் பக்கம் போகாத. புள்ளையை விட்டுட்டு இப்படி வா."

முனியாயி பாப்பாயியை விடவில்லை. குழந்தையின் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள்.

"நானுந் தின்னேனுங்க."

அப்பாசாமி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார்.

"என்ன சொன்னே?"

"அதே கடையில, அவரு எலையிலயே நானுந் தின்னேனுங்க. மூணு பேருக்குமா ஒரு குடிசை போதுமுங்க."

அப்பாசாமி அவளையே உற்றுப் பார்த்தார். இந்தப் பெண் தன்னை ஏய்க்கிறாளோ என்ற சந்தேகம் அவருக்கு. "நெசமாத் தின்னியா, இல்லை புள்ளைக்காகச் சொல்றியா?"

"நெசந்தானுங்க."

"என்ன தின்னே?"

"தோசையிங்க."

"எத்தனை?"

முனியாயி தலையைக் குனிந்தாள். "கணக்கு வெக்கலீங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். அப்பாசாமி மீசையைத் தடவுவதுபோல வாயை மூடிக்கொண்டார். தீர்ப்பு தீர்ப்புதான், மூவரும் ஊருக்கு வெளியே போனார்கள். பாப்பாயிக்கு மட்டும் அது திருவிழா.

வெளியே இருந்த அந்த மாதங்கள் லேசானவை அல்ல. யாரும் நெருப்புக் கொடுக்கவில்லை. ஓடைத் துறையில் பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். மழைக்காலத்தில் குடிசை ஒழுகியது. ஆனாலும் ஒரு கூரை, ஓர் அடுப்பு, மூன்று பேர். அடுத்த கும்பிடுக்கு ஊர் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. கடைச் சோறு இனித் தொடுவதில்லை என்று இருவரும் கற்பூரம் அணைத்தார்கள். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினார்களா என்பதில் ராமாயிக்குச் சாகும்வரை சந்தேகம்.

பொன்னன் அதற்குப் பிறகும் ஊர் பார்க்கப் போனான். ஆனால் தனியாக அல்ல. முனியாயி விடவில்லை. பாப்பாயியையும் இடுப்பில் கட்டாத குறையாக இழுத்துக்கொண்டு கூடவே இறங்கினாள். சாமைச் சாக்கை அவளே சுமந்தாள்.

ஒரு சித்திரையில் மூவரும் மதுரைக்குப் போனார்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டம். மணலில் ஆயிரமாயிரம் தலைகள். பொன்னன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றான். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"அப்படி என்னதான் மாமா இருக்குது இதுல?" என்று முனியாயி கேட்டாள்.

"மலையில நான் இன்னாரு மகன், இன்னாரு தம்பி. வாயைத் திறக்கறதுக்கு முந்தி எல்லாருக்கும் என்னைத் தெரியும். இங்க இத்தனை சனத்துல ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. அது ஒரு சொகம்."

"எனக்குத் தெரியுமே."

"ஆமா," என்றான் பொன்னன்.

அந்த ஆமாவில் இருந்தது சந்தோஷமா, வருத்தமா? முனியாயிக்குப் பிடிபடவில்லை. கூட்டம் ஆர்ப்பரித்தது, அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. அவள் மட்டும் புருஷனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.